வா என்று கேட்கவில்லை

கல்யாண மண்டபக் கூரைகளில் பொருத்தியிருக்கும் டிடெக்டர்கள் ஓமப் புகைக்கு அசைவதில்லை. சமையற்கட்டில் விறகு புகைந்தாலும் சரி, பந்தல்காரர் பீடி பிடித்தாலும் சரி, அவை சும்மா இருக்கும். அவற்றின் வேலை புகைச்சலைக் கண்டுபிடிப்பது. சம்பந்திகளுக்குள் புகைச்சல், பங்காளிகளுக்குள் புகைச்சல், நாத்தனாருக்கு எடுத்த சேலையின் கரை சிறுத்துப்போனதில் புகைச்சல் என்று எது கிளம்பினாலும் மேலே விளக்கு சிவக்கும். ஆபீஸ் அறையிலிருக்கும் பேனலில் எந்த இடம், என்ன விஷயம் என்று எழுத்து ஓடும். மணி அடிக்கும். மணி அடித்த பிறகும் ஒருவரும் போய்ச் சமாதானம் பேசவில்லை என்றால், கூரைக் குழாய்கள் திறந்துகொண்டு எல்லோர் தலையிலும் தண்ணீர் கொட்டும். பட்டுச் சேலைகள் கூடுகிற இடம் என்பதால் பெரும்பாலும் விஷயம் தண்ணீர் வரை போவதில்லை.

ஆனாலும் கருவி கருவிதான். நூலாம்படை கட்டும், தூசி ஏறும், பூச்சி உள்ளே போய்ச் செத்துக் கிடக்கும், பேட்டரி இறங்கும். அதனால் முகூர்த்த நாள் காலையில் ஒவ்வொரு டிடெக்டரையும் தூசி தட்டி, நிஜமான புகைச்சலைக் காட்டி, சிவக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நேற்றுப் பார்த்தது இன்றைக்குச் செல்லாது. குடும்பங்கள் ஒரு ராத்திரியில் எவ்வளவோ மாறிவிடும். கடைசி டிடெக்டர் சிவக்காமல் தாலி கட்டக் கூடாது. கரூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவசரப்பட்டுக் கட்டிவிட்டார்கள். தாய்மாமனுக்குத் துண்டு போர்த்த மறந்த புகைச்சல் யாருக்கும் தெரியாமல் பற்றிக்கொண்டு, மாப்பிள்ளையின் பெயர் முழுக்க எரிந்து போயிற்று. இன்றுவரை அவருக்குப் பெயர் கிடையாது. அவர் மனைவி "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுகிறாள் என்பதால் அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாங்கில்தான் சிரமப்படுகிறார்.

பெருந்துறை ரோட்டு மண்டபத்தில் இந்த டெஸ்ட் எடுக்கிறவள் தனமணி. முன்பு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மண்டபத்துக்கு ஆள் எடுத்தபோது புகைச்சல் உள்ளவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அதற்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் மற்றவர்களுடையது குப்பென்று கிளம்பி, உட்காரவைத்து ஒரு காபி கொடுத்ததும் அடங்கிவிட்டது. தனமணியுடையது வறட்டி மாதிரி நின்று புகைந்தது. மேனேஜர் நாச்சிமுத்து அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவளுடைய புகைச்சல் இதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே அக்காள் ருக்குமணியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தனமணி சீர்த்தட்டு ஏந்திக்கொண்டு போய் மண்டப வாசலில் நின்றாள். அக்காள் பன்னீர்ச் செம்போடு எதிரே நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு மில்காரர் குடும்பம் காரில் வந்து இறங்கியது. அக்காளின் பார்வை தனமணியின் தோளுக்கு மேலாகப் போயிற்று. "வாங்க, வாங்க" என்ற சொல்லும் தோளுக்கு மேலாகவே போயிற்று. தனமணிக்கு ஒரு "வா" கிடைக்கவில்லை. கொங்கு நாட்டில் வீடு தேடி வந்தவரை வா என்று கேட்காமல் விடுவதும் கையை ஓங்குவதும் ஒன்று. கையை ஓங்கினாலாவது ஆளைப் பார்த்ததாக ஆகும். அவள் தட்டை மேசையில் வைத்தாள். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து தின்றாள். அன்றிலிருந்து அக்காள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

டெஸ்ட் எடுக்கிற முறை சுலபம். நீளமான ஒரு கோலின் நுனியில் கிண்ணம் இருக்கும். தனமணி கண்ணை மூடி அந்த வாசலை நினைத்துக்கொள்வாள். பெருமூச்சு வரும். அதைக் கிண்ணத்துக்குள் விட்டு, கோலை உயர்த்தி டிடெக்டரை மூடினாற்போலப் பிடிப்பாள். விளக்கு சிவக்கும். ஆபீஸ் அறையிலிருந்து நாச்சிமுத்து வாக்கிடாக்கியில் பேனலைப் படித்துச் சொல்வார்: "கூடம், வடக்கு மூலை. வா என்று கேட்கவில்லை. சரிங்க, அடுத்தது." எட்டு வருஷமாக ஒவ்வொரு முகூர்த்தத்திலும் ஒவ்வொரு டிடெக்டரும் அதையே சொல்லி வந்தது. கருவிகளும் அவளுக்குப் பழகிவிட்டன. இப்படிப் பழகிய கருவிகள் வேறு ஆள் புகைச்சலை ஏற்காது. ஒரே அடுப்பில் பொங்கித் தின்று வளர்ந்தவர்களுடையதை மட்டும் ஏற்கும் என்று கம்பெனிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு இதுவரை தேவை வரவில்லை.

வேலைக்குப் பத்தியம் உண்டு. டெஸ்ட் முடியும்வரை தனமணி மண்டபத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள், முடிந்தபின்னும் பந்தியில் உட்கார மாட்டாள். யாரும் அவளை உபசரிக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவளைக் கண்டால் ஜனங்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் வந்தது. அது ருக்குமணியின் மகன் நவநீதனின் கல்யாணம்.

விடியற்காலையில் கோலும் பையுமாக வந்த தனமணியை நாச்சிமுத்து தெருமுனையிலேயே மடக்கினார். நல்ல மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கி விடுவதுமாக இருப்பார். அன்றைக்கு வேட்டி ஓயவே இல்லை.

"முன்வாசல் பக்கம் போயராதீங்க. உங்கக்கா செம்போட நின்னுட்டிருக்கறாங்க. போற வர்ற பேரையெல்லாம் வாங்க வாங்கன்னு கேட்டுட்டிருக்கறாங்க. பால்காரனைக் கூட விடலீங்க."

"என்னைப் பாத்தா கேக்கமாட்டா. எட்டு வருசமாக் கேக்காதவ."

"கேட்டுட்டாங்கன்னா?"

கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஒரு "வா" போதும், புகைச்சல் அணைந்துவிடும். அணைந்தால் டெஸ்ட் நிற்கும், டெஸ்ட் நின்றால் தாலி கட்ட முடியாது, இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆடி பிறந்துவிடும். அக்காள் மகனுக்குக் கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டுமென்றால், கடைசி டிடெக்டர் சிவக்கும்வரை அக்காள்மேல் அவளுக்குக் கோபம் இருந்தாக வேண்டும். நவநீதனைச் சின்னதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். அவன் கல்யாணம் தன்னால் நின்றது என்று வரக் கூடாது என்று மனசுக்குள் உறுதி செய்துகொண்டு, சமையற்கட்டு வழியாக உள்ளே போனாள்.

பந்திக் கூடத்தில் ஆரம்பித்தாள். தூசி தட்டினாள், நூலாம்படையைச் சுருட்டினாள், கண்ணை மூடி வாசலை நினைத்தாள், மூச்சை விட்டாள். வாக்கிடாக்கி கரகரத்தது. "பந்திக் கூடம், கை கழுவற பக்கம். வா என்று கேட்கவில்லை. சரிங்க." அடுத்தது, அதற்கடுத்தது என்று மளமளவென்று நடந்தது. தாழ்வாரமும் முடிந்தது. மணமகள் அறைக்குள் அவள் நுழைந்தபோது வெளியே கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

மணப்பெண் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத பெண் போலிருக்கிறது, கோலைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

"நீங்கதானுங்களா சித்தி? அத்தை உங்களைத்தான் தேடிட்டிருக்கறாங்க."

"தேடறாளா? எதுக்கு?"

"தெரியலீங்க. ராத்திரி பூராத் தூங்கலியாமா. தனம் வருவாளா, தனம் வருவாளான்னே கேட்டுட்டிருந்தாங்களாமா."

தனமணி அவசரமாகக் கிண்ணத்தில் மூச்சை விட்டுக் கோலை உயர்த்தினாள். விளக்கு யோசித்து யோசித்துச் சிவந்தது. வாக்கிடாக்கியில் நாச்சிமுத்துவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "மணமகள் அறை. வா என்று சரியாகக் கேட்கவில்லை." சற்றுப் பொறுத்து, "சரியாகன்னு ஒரு வார்த்தை சேந்திருக்குதுங்க. பாத்துக்குங்க" என்றார்.

தனமணி கோலை இறக்கினாள். தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்று, அந்த வாசலைத் திரும்பக் கட்டினாள். மில்காரர் காரின் நிறம், அந்த அம்மாளின் மூக்குத்தி, தட்டில் கனத்த தேங்காய், தன் தோளைத் தாண்டிப் போன அந்த "வாங்க, வாங்க." போதாதென்று, சின்ன வயதில் அக்காள் தன் பாவாடையை எடுத்துக் கட்டிக் கிழித்ததையும் மேலே போட்டாள். கொஞ்சம் புகைந்தது. ஆனால் ராத்திரி பூராத் தூங்கவில்லையாமா என்ற பேச்சு நடுநடுவே வந்து தண்ணீர் தெளித்தது.

மேல்மாடி முடித்துப் படியிறங்கும்போது அக்காள் எதிரே வந்துவிட்டாள். கையில் செம்பு, கழுத்தில் வேர்வை, காதோரம் முழுக்க நரை. எட்டு வருஷத்தில் அக்காள் இவ்வளவு நரைத்திருப்பாள் என்று தனமணி நினைக்கவில்லை. அக்காள் அவளைப் பார்த்தாள். வாய் திறந்தது.

தனமணி படியில் திரும்பி ஓடினாள். நாற்பத்தாறு வயதில், நீளக் கோலோடு, சேலை தடுக்க, மொட்டைமாடி சுற்றிப் பின்படி வழியாக இறங்கி, நேராக மேளக்காரர்களிடம் போய் நின்றாள்.

"அண்ணா, ஒரு உபகாரம் பண்ணோணும். எங்கக்கா என்னையப் பாத்து வாயைத் தொறந்தா, உடனே கெட்டிமேளம் கொட்டிருங்க."

தவில்காரர் நியாயமான கோரிக்கை என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சத்தமாகவே நடந்தது. கூடத்தின் வடக்கு மூலையில் தனமணி கோலை உயர்த்தியபோது, ருக்குமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாயைத் திறந்தாள், கெட்டிமேளம் முழங்கியது. தாலி கட்டியாயிற்று என்று நினைத்து ஜனங்கள் எழுந்து அட்சதையைத் தூவினார்கள். உட்கார்ந்தார்கள். கிழக்குத் தூணருகே மறுபடியும் அக்காள், மறுபடியும் கெட்டிமேளம், மறுபடியும் அட்சதை. ஒவ்வொரு தடவையும் ஐயர் மந்திரத்தை விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தார். வாழைமரத்துக்குப் பின்னால், மாலைக் கூடைக்குப் பின்னால், பெரிய குத்துவிளக்குக்குப் பின்னால் என்று தனமணி பதுங்கிப் பதுங்கி நகர்ந்தாள். பேனல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கிக்கொண்டே வந்தது. "வா என்று கேட்டிருக்கலாம்." "கேட்டாள், காதில் விழவில்லை போல." "கூட்டத்தில் கவனித்திருக்க மாட்டாள்." விளக்கு சிவப்பு போய் ரோஜா நிறத்தில் எரிந்தது. ரோஜா நிறமும் சிவப்பில் சேர்த்திதான் என்று நாச்சிமுத்து ஒத்துக்கொண்டார்.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. அது மணமேடைக்கு நேர் மேலே இருந்தது.

மேடை டிடெக்டரை டெஸ்ட் எடுக்கும்போது மண்டபத்தில் சத்தம் இருக்கக் கூடாது. மணி அடிப்பது கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். தவில்காரர் குச்சியைக் கீழே வைத்துக் கையை விரித்துக் காட்டினார். மண்டபம் அமைதியானது. ஐயர் தாலித் தட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நவநீதன் மாலையும் தலைப்பாகையுமாகச் சித்தியை நிமிர்ந்து பார்த்தான். தனமணி கண்ணை மூடினாள். வாசல் வந்தது, கார் வந்தது, தேங்காய் கனத்தது. மூச்சு நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"வா, தனம்."

விடியற்காலையிலிருந்து வந்தவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு அக்காளின் தொண்டை கட்டிப்போயிருந்தது. இருந்தாலும் அந்த அமைதியில் சொல் நன்றாகவே கேட்டது. அக்காள் மேடையின் ஓரத்தில், செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தனமணிக்கு நெஞ்சில் ஓர் இடம் காலியாயிற்று. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. மிச்சம் மீதி ஏதாவது இருக்குமா என்று கிண்ணத்துக்குள் ஊதிக் கோலை உயர்த்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை.

"ஒண்ணும் வரலீங்க" என்றது வாக்கிடாக்கி. "இன்னொருக்கா ஊதுங்க."

ஊதினாள்.

"கிண்ணம் காலின்னு காட்டுதுங்க."

முகூர்த்தம் தீர அதிக நேரமில்லை. முதலில் பெண்ணின் பெரியப்பா எழுந்து வந்தார். தன்னிடம் நல்ல புகைச்சல் ஒன்று இருப்பதாகவும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிக் கிண்ணத்தில் ஊதினார். அவரைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை வந்தாள். அப்புறம் ஆளாளுக்கு எழுந்து வரிசையில் நின்றார்கள். வரிசை மேடையிலிருந்து செருப்பு விடுகிற இடம் வரை போயிற்று. அவசரத்துக்கு உதவுகிற ஜனம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேனல் "வேறு வீட்டுப் புகைச்சல்" என்று சொல்லித் தள்ளிவிட்டது. மணப்பெண்ணின் கண் மை கரையத் தொடங்கியது. ஐயர் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அப்பாவும் அம்மாவும் போனபின் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள் என்று தனமணிக்கு உலகத்தில் ஓர் ஆள்தான் மிச்சம். ஆனால் அவளிடம் எப்படிக் கேட்பது? கேட்க வேண்டியதை எட்டு வருஷம் கேட்காமல் விட்டவள் தானும்தான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

ருக்குமணி செம்பைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து, தனமணியின் கையிலிருந்த கோலைத் தணித்துக் கிண்ணத்தைத் தன் வாயருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள். அவளுக்குள்ளிருந்து வந்த மூச்சு நீண்டு கொண்டே போயிற்று. தனமணி கோலை உயர்த்தினாள்.

விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. மணி, கடைசி வரிசை என்ன, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி அடித்தது. மணி ஓய்ந்தபின் வாக்கிடாக்கியில் நாச்சிமுத்து படிக்கிறது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மணமேடை. சாப்பிடாமல் போனாள்."

தனமணிக்கு அந்தத் தயிர்ச் சோறு நினைவுக்கு வந்தது. தன் வீட்டில் மட்டும்தான் புகைந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அக்காள் அன்றைக்கு எத்தனை பந்தியில் வந்து வந்து அவளைத் தேடிப் பார்த்திருப்பாளோ, யார் யாரிடம் விசாரித்திருப்பாளோ. அந்த நினைப்பே தாங்க முடியவில்லை. அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸுங்க" என்றார் நாச்சிமுத்து. "கட்டச் சொல்லுங்க, கட்டச் சொல்லுங்க."

கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை முன்பே தீர்ந்துபோயிருந்ததால் ஜனங்கள் வெறுங்கையை வீசி வாழ்த்தினார்கள். நவநீதன் தாலி கட்டினான்.

டெஸ்ட் முடிந்தால் மூடி வைத்திருந்த தண்ணீர் வால்வைத் திறந்துவிட வேண்டும். நாச்சிமுத்து திறந்தார். திறந்ததுதான் தாமதம், கூடத்து விளக்கு, தாழ்வாரத்து விளக்கு, மேல்மாடி, பந்திக் கூடம் என்று அத்தனை டிடெக்டரும் ஒரே சமயத்தில் சிவந்தன. மணி விடாமல் அடித்தது. நாச்சிமுத்து மடித்துக் கட்டிய வேட்டியோடு ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"எல்லாத்துலயும் ஒண்ணே வருதுங்க. வா என்று கேட்கவில்லை. உங்களுதுதானுங்களே?"

"என்கிட்ட இல்லீங்க. எனக்குத்தான் கேட்டாச்சே."

"அப்பறம் யாருக்குங்க கேக்கல?"

இருவரும் மேலே பார்த்தார்கள். எட்டு வருஷமாக, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம், ஒரே மூச்சை உள்ளே வாங்கி வந்த கருவிகள். அவளிடம் தீர்ந்துபோனது அவற்றிடம் தேங்கியிருந்தது. அவற்றுக்கும் இந்த மண்டபம் திறந்த நாளிலிருந்து ஒருவர்கூட வா என்று கேட்டதில்லை. மேலே குழாய்களுக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் குடுகுடுவென்று கேட்டது. பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்தார்கள். மணப்பெண் நவநீதனின் துண்டுக்கு அடியில் போனாள்.

"அக்கா, நீ கேளு. உன்ற வீட்டுக் கல்யாணம்."

அக்காள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "என்னால ஆகாது. நீ கேளு, தனம். நம்ம வீட்டுக் கல்யாணந்தானே."

தனமணி சேலையைச் சரிசெய்துகொண்டாள். மேடை டிடெக்டருக்கு அடியில் போய் நின்று, தலையை உயர்த்தி, கையைக் கூப்பி, "வாங்க" என்றாள். விளக்கு பச்சையானது. அடுத்ததற்கு நடந்தாள். "வாங்க, வாங்க." பச்சை. எதையும் தாண்டிப் போகாமல், தோளுக்கு மேலாகப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் நேராகப் பார்த்துக் கேட்டாள். அக்காள் பின்னாலேயே பன்னீரைத் தெளித்துக்கொண்டு வந்தாள். மேல்மாடி மூலையில் இருந்தது மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது, அதனிடம் "பயணமெல்லாம் சௌரியமுங்களா?" என்று கூடுதலாக ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. குழாய்களில் ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கியது. ஒரு துளி விழவில்லை.

வா என்று கேட்டபின் சாப்பிடச் சொல்லாமல் விட முடியாது. பந்திக் கூடத்தில் டிடெக்டர்களுக்கென்று ஒரு வரிசை முழுக்க இலை போட்டார்கள். வரிசையின் கடைசியில் ஓர் இலை மிச்சமிருந்தது. ருக்குமணி தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்தாள். பரிமாறுகிறவர்கள் ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று, மேலே பார்த்து, போதுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினார்கள். எட்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணச் சோற்றில் கைவைத்த தனமணிக்குப் பருப்பும் நெய்யும் தொண்டையில் இறங்கும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

நாச்சிமுத்து வந்து பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். மடித்த வேட்டியை இறக்கி விட்டிருந்தார்.

"கல்யாணம் நல்லபடியா ஆச்சுங்க. ஆனா ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம். உங்ககிட்ட இனி ஒண்ணும் இல்லியேங்க. உங்கக்காகிட்டயும் இல்ல. இந்தக் கருவிக வேற ஆளையும் ஏத்துக்காது. நான் என்னங்க பண்றது?"

தனமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பனியன் கம்பெனியில் இப்போது பிசிறு வெட்டக்கூட மெஷின் வந்துவிட்டது. வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது.

"பாக்கலாமுங்க" என்றாள்.

எதிர் வரிசையில் பாயச வாளியோடு நின்ற ருக்குமணி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து எழுந்து ஆபீஸ் அறைக்குப் போனார். ருக்குமணி பரிமாறுகிறவரை அனுப்பிவிட்டு, இந்த வரிசைக்குத் தானே வந்தாள். முதல் இலைக்குப் பாயசம் ஊற்றினாள். இரண்டாவது இலைக்கு ஊற்றினாள். ஒவ்வொரு டிடெக்டருக்கும் மேலே பார்த்துச் சிரித்து, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று உபசரித்துக்கொண்டே வந்தாள். அடிப்பிடிக்காமல் சுண்டக் காய்ச்சிய பால் பாயசம். சின்ன வயதில் இரண்டு பேரும் பாத்திரத்தை வழித்துத் தின்பதற்காக அடித்துக்கொண்ட பாயசம். மணம் வந்துவிட்டது. தனமணி இலையில் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அக்காள் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கண் கலங்கியிருந்தது. பிறகு பார்வை மெதுவாக உயர்ந்து, தனமணியின் தோளுக்கு மேலாகப் போயிற்று. கரண்டியை வாளிக்குள் போட்டு, அவள் இலையைத் தாண்டி, அடுத்த வரிசையிலிருந்த யாரோ ஒரு மில்காரருக்குப் பாயசம் ஊற்றப் போனாள்.

அக்காள் எதற்காக இப்படிச் செய்கிறாள் என்று தனமணிக்கு நன்றாகத் தெரிந்தது. அதைவிடப் பெரிய உதவியை ஒரு கூடப்பிறந்தவள் செய்ய முடியாது என்பதும் தெரிந்தது. தெரிந்தும் வயிறு சுள்ளென்று எரிந்தது. ஒதுக்கி வைத்த இடம் இலையில் வெறுமையாகக் கிடந்தது. அவளை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

தலைக்கு மேலே விளக்கு அழகாகச் சிவந்தது. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"பந்திக் கூடம், கடைசி இலை. பாயசம் ஊற்றவில்லை." மணியை நிறுத்திவிட்டு வந்து நாச்சிமுத்து தொடர்ந்தார். அவர் குரலில் தெம்பு வந்திருந்தது. "நல்லா நின்னு புகையுதுங்க. இது எத்தனை வருசத்துக்குத் தாங்குமுங்க?"

தனமணி கூடத்தின் மறுகோடியில், தன் பக்கம் திரும்பாமல் குனிந்து பரிமாறிக்கொண்டிருந்த அக்காளைப் பார்த்தாள்.

"நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் தாங்குமுங்க" என்றாள்.

மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள். இலையை மூடிவிட்டு எழுந்தாள். வரிசையில் மற்ற இலைகளெல்லாம் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தன.